கெட்டிலில் கேட்ட படகு

ஐலெர்ட்டின் படகு கடலில் எங்கே ஓடினாலும், அதன் அடியில் தேய்ந்துபோயிருந்த ரப்பர் புஷ்ஷின் சத்தம் அவனுடைய அக்கா ஹால்டிஸின் காபிக் கெட்டிலில் கேட்டது. டொக், டொக், டொக் என்று, விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி. கெட்டிலில் தண்ணீர் இருந்தால் தாழ்ந்து கேட்கும், காலியாக இருந்தால் கணீரென்று கேட்கும். படகு அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே இருந்தாலும், காட் மீன் வருகிற வெளிக்கடலில் அரைநாள் ஓட்டத்துக்கு அப்பால் இருந்தாலும் சத்தத்தில் ஏற்ற இறக்கம் கிடையாது. அந்தக் கெட்டிலைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனால் கேட்காது. பக்கத்து வீட்டுக் கெட்டிலைக் கொண்டுவந்து ஹால்டிஸின் அடுப்பில் வைத்தாலும் கேட்காது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

ஸ்கார்வோய் தீவில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. குளிர்காலத்து மீன்பிடி தொடங்கினால் பெண்கள் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு ஹால்டிஸின் சமையலறைக்கு வந்தார்கள். மற்ற ஆண்களின் படகுகளும் ஐலெர்ட்டின் படகும் ஒரே மீன்களத்துக்குத்தான் போகும், ஒன்றாகத்தான் திரும்பும். ஐலெர்ட் மட்டும் எல்லோருக்கும் பின்னால், தனியாக, வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டுவான். அவன் வேகத்தைக் குறைத்தால் தூண்டில் கயிறு இழுக்கிறார்கள் என்று அர்த்தம். சத்தம் சீராக நீண்டால் வீடு திரும்புகிறார்கள், உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றலாம். மாதத்துக்கு ஒருமுறை பெருநிலத்திலிருந்து வருகிற பாதிரியார் கெட்டிலின் மேல் காதை வைத்துக் கேட்டார். இதை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வேதத்தில் எங்கும் சொல்லவில்லை என்றார். பிறகு இன்னொரு வாஃபிள் அப்பத்தை எடுத்துக்கொண்டார். கடைக்காரி தோரா மட்டும் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டாள். "உனக்கென்ன, கடியாரமே வேண்டாம். எனக்கு என் புருஷன் படகு கரைக்கு வந்து, அவன் வாயிலேர்ந்து பொய் வந்தாத்தான் எங்க போனான்னு தெரியுது," என்றாள்.

கேட்கிற சத்தம் தம்பியுடையது என்றாலும், ஹால்டிஸ் அவனோடு பேசுவதில்லை. பேச்சு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே ஒரு கடை, ஒரே ஒரு துறை, ஒரே ஒரு ஜெபக்கூடம் உள்ள தீவில் அப்படி இருப்பது லேசான காரியமில்லை. அவள் காலையில் கடைக்குப் போனாள், அவன் மதியத்துக்குப் பிறகு போனான். ஜெபக்கூடத்தில் அவள் ஜன்னல் பக்கம், அவன் அடுப்புப் பக்கம். பாதையில் எதிரே வந்தால் அவன் மீன் உலர்த்துகிற மரச்சட்டங்களுக்குள் இறங்கி, அவள் தாண்டிப் போகும் வரை, தொங்கும் மீன்களுக்கு நடுவே தானும் ஒரு மீன் மாதிரி நின்றான். அவர்கள் இருவரைத் தவிர இருவருக்கும் சொந்தம் என்று வேறு யாரும் இல்லை.

காரணத்தைத் தீவில் எல்லோரும் அறிவார்கள். அங்கே மற்ற படகுகளில் படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றுகிற ஷாஃப்ட் தண்டு அடிக்கட்டைக்குள்ளேயே ஓடும், பார்க்க முடியாது. ஐலெர்ட் வாங்கிய 'டெர்னா' வேறு மாதிரி. உல்லாசத்துக்குக் கட்டப்பட்ட வேகப் படகு. அதன் ஷாஃப்ட் அடிப்பக்கத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் ஒரு வெண்கலக் காலில் தாங்கி நிற்கும். அந்தக் காலின் ஓட்டைக்குள், பித்தளை உறையும் உள்ளே ரப்பர் வரிகளுமாக ஒரு புஷ். ஷாஃப்ட் அதற்குள்தான் சுழலும். ஒற்றைக்கால் கொக்கு என்று எல்லோரும் கேலி செய்தார்கள். தீவு வழக்கப்படி காலையில் எஞ்சினைக் கிளப்புமுன், ஷாஃப்டுக்குக் கிரீஸ் இறங்க, கிரீஸ் கப்பை இரண்டு சுற்றுத் திருக வேண்டும். முகம் கழுவுவதைக்கூட மறப்பார்கள், அதை மறக்க மாட்டார்கள். அதனால் புஷ்ஷைப் புதிதாக மாற்றிய வருடம், ஐலெர்ட் கிரீஸ் கப்பிலிருந்து ஒரு செப்புக் குழாயை இழுத்து அந்தக் காலுக்கும் கிரீஸ் போகும்படி செய்தான். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த ரப்பருக்குக் கடல் தண்ணீர் மட்டும்தான் எண்ணெய், கிரீஸ் பட்டால் ஊறிப் பருக்கும் என்பது அப்போது தீவில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வசந்தத்தில் ஹால்டிஸின் கணவன் கொன்ராட்டுக்குக் குடல்வால் வெடித்தது. மூடுபனியில் அவனை ஏற்றிப்போக விமானம் இறங்க முடியவில்லை. பெருநிலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, இருந்ததிலேயே வேகமான படகு டெர்னாதான். நடுக்கடலில், பருத்துப்போன ரப்பர் ஷாஃப்டைக் குரல்வளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டது. எஞ்சின் நின்றது. ஒரு சரக்குக் கப்பல் அவர்களைப் பார்த்துக் கயிறு வீசியபோது கொன்ராட்டின் தலை ஹால்டிஸின் மடியில் குளிர்ந்திருந்தது. அடக்கம் முடிந்து காபி ஊற்றும்போது ஹால்டிஸ், "இனிமே நீ இருக்கிற இடத்துல நான் இருக்க மாட்டேன்," என்று சொன்னாள். அதுதான் கடைசி. ஐலெர்ட் அந்தச் செப்புக் குழாயைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். புதிய புஷ் ஒன்றைப் போட்டு, அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தொடவே இல்லை. அது தேய ஆரம்பித்த நாளிலிருந்து கெட்டில் தட்டத் தொடங்கியது.

முதல் நாள் ஹால்டிஸ் கெட்டிலைத் தூக்கிப் பனியில் வைத்தாள். மறுநாள் எடுத்து வந்துவிட்டாள். காலப்போக்கில் அந்தத் தட்டலுக்கு ஏற்ப எழுந்தாள், அதற்கேற்பச் சாப்பிட்டாள். அவன் கரைக்கு வந்து எஞ்சினை அணைத்ததும் வீட்டில் விழுகிற அமைதியில் கையில் எடுத்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். அதை எதிர்பார்க்கிறாளா வெறுக்கிறாளா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு ஓர் இலையுதிர்காலத்தில் சத்தம் மாறியது. ஒரு டொக்குக்குப் பின்னால் இன்னொரு சின்ன டொக். படகுகளைக் கரையேற்றும் தளத்தை நடத்துகிற ஓட்மார் வழியோடு போனவன், ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்து கெட்டில் முன் குனிந்து நின்றான்.

"இது வெறும் தேய்மானம் இல்லை, ஹால்டிஸ். ஷாஃப்ட் ஆடி அந்தக் காலையே அடிக்குது. ஒருநாள் கால் முறியும். அதோட ஷாஃப்ட் வெளியே உருவிக்கிட்டுப் போகும். அந்த ஓட்டை வழியா கடல் உள்ளே வரும்."

"அவன்கிட்ட சொல்லேன்."

"சொல்லாமலா? அந்த இடத்துல என் கை படாதுங்கிறான். நீ வேற பேச மாட்ட. நடுவுல நான் ஒருத்தன், தபால்காரன் மாதிரி."

ஹால்டிஸ் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "மாத்தினா இந்தச் சத்தம்?"

"நின்னுடும்."

"மொத்தமாவா?"

"நல்ல புஷ் சத்தம் போடாது. அதனாலதான் அது நல்ல புஷ்." ஓட்மார் கதவுக்குப் போய்த் திரும்பினான். "மாத்தலைன்னாலும் ஒருநாள் நின்னுடும். அதையும் நினைச்சுக்க."

அந்த வாரமே ஹால்டிஸ் தோராவின் கடையில் போய், ஓட்மார் சொன்ன அளவில் ஒரு புஷ் வரவழைக்கச் சொன்னாள். தோரா எதுவும் கேட்கவில்லை, அது அவளுக்குப் பெரிய சாதனை. சரக்குப் படகில் அது வந்து சேர்ந்தது. கையடக்கமான பித்தளைக் குழல், உள்ளே கறுப்பு ரப்பர் வரிகள், பழைய காலண்டர் தாளில் பொதிந்து. புஷ்ஷை மாற்றுகிறவர்கள் முதலில் அதை உறைய வைப்பார்கள். குளிரில் பித்தளை மயிரிழை அளவு சுருங்கும், காலின் ஓட்டைக்குள் சிராய்க்காமல் இறங்கும். ஒருநாள் வைத்தால் போதும். ஹால்டிஸ் அதைச் சமையலறையை ஒட்டிய அறையில் இருந்த ஃப்ரீசருக்குள், காட் மீன் துண்டுகளுக்கும் மஞ்சள் சதுப்புப் பழ டப்பாக்களுக்கும் நடுவே வைத்தாள். ஐலெர்ட் சம்மதிக்காததால் அது கிறிஸ்துமஸ் தாண்டியும் அங்கேயே கிடந்தது.

அந்த நாட்களில்தான் அவள் கெட்டிலோடு பேச ஆரம்பித்தாள். பின்னல்காரப் பெண்கள் இல்லாத நேரத்தில் மட்டும். "டேய், படகைப் பின்னால எடுக்காதே, அடிக்குது பாரு." "காத்து மாறுது, போதும், திரும்பு." ஒருமுறை கடுங்காற்றில் தட்டல் தாறுமாறாகி, நின்று, மறுபடி தொடங்கியபோது, அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தன் அம்மா திட்டுகிற திட்டுகளை எல்லாம் திட்டினாள். பேசிப் பழகிய வாய் மற்றதையும் பேசியது. முட்டி வலிக்கிறது என்றாள். தோரா எடையில் ஏமாற்றுகிறாள் என்றாள். கொன்ராட்டின் படத்தைத் துடைக்கும்போது அவனிடமும் இரண்டு வார்த்தை. இடையில் ஃப்ரீசரின் மூடி மீன் எடுக்கத் திறந்தது, மூடியது.

குளிர்கால மீன்பிடி தொடங்க இருந்தது. ஓட்மார் ஐலெர்ட்டின் படகுக்கே போய், "புஷ் வந்தாச்சு. உங்க அக்கா ஃப்ரீசர்லதான் இருக்கு. அவதான் வாங்கினா," என்றான். ஐலெர்ட் கயிறு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தான், பிறகு அதையே மறுபடி போட்டான். அடுத்த பெரிய கடலேற்றத்தில் டெர்னாவைக் கரையேற்றும் தளத்துக்கு அவனே ஓட்டி வந்தான்.

பழைய புஷ்ஷை எடுக்க நெடுநேரம் ஆனது. விசிறியைக் கழற்றி, எஞ்சினிலிருந்து ஷாஃப்டைப் பிரித்து, பின்னால் உருவினார்கள். காலின் பக்கத்துத் திருகுகள் உப்பில் இறுகியிருந்தன. ஓட்மார் ரம்ப அலகைக் கையில் பிடித்து உள்பக்கமாகப் பித்தளையைக் கீறி, உறையை உள்ளுக்குள் சுருட்டி வெளியே தட்டினான். ரப்பர் ஒருபக்கம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. பிறகு வீட்டுப் பக்கம் பார்த்துக் கையை அசைத்தான். நடுப்பகலின் அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் ஹால்டிஸ் பனியில் வேகமாக இறங்கி வந்தாள். ஒரு கையில் கம்பளிக் கையுறைக்குள் உறைந்த புஷ், இன்னொரு கையில் ஆவி பறக்கும் கெட்டில். புஷ் சூடாகுமுன், வெந்நீரில் விரிந்த கால் குளிருமுன், அது உள்ளே இறங்கிவிட வேண்டும். கெட்டிலின் வெந்நீரை ஓட்மார் வெண்கலக் காலில் ஊற்றினான். ஐலெர்ட் புஷ்ஷை வாங்கிக்கொண்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கையுறையை மட்டும் பார்த்து. நீளத் திருகுக் கம்பியின் நட்டை அவன் முறுக்க முறுக்க, புஷ் ரொட்டிக்குள் கத்தி போவது மாதிரி உள்ளே போனது.

ஷாஃப்டைத் திரும்பச் செருக வேண்டும். உலர்ந்த ரப்பரில் அது வழுக்காது, எதையாவது தடவ வேண்டும். ஓட்மார் கொழகொழத்த பச்சைச் சோப்பு டப்பாவைத் திறந்து ஐலெர்ட்டிடம் நீட்டினான். ஐலெர்ட் விரல்களை உள்ளே விட்டான், எடுத்தான். அந்தக் கை காலுக்கு அருகே போய் நின்றுவிட்டது. சோப்பு பனியில் சொட்டியது. கடற்காகங்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. ஹால்டிஸ் டப்பாவை எடுத்து, கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு, தன் இரண்டு விரலால் ரப்பரின் உட்புறம் முழுதும், ஒவ்வொரு வரியாக, சோப்பைத் தடவினாள். கையைப் பனியில் துடைத்தாள். காலி கெட்டிலை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

டெர்னா தண்ணீருக்குத் திரும்பியது. எஞ்சினையும் ஷாஃப்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்காக ஒருநாள் மிதக்க விட்டார்கள். பிறகு எல்லாப் படகுகளும் போயின. கெட்டிலில் எதுவும் கேட்கவில்லை.

பெண்கள் ஓரிரு நாள் வந்தார்கள். பின்னல் ஊசிகளின் சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் அவர்கள் தோராவின் கடைக்கு, வயர்லெஸ் இருந்த இடத்துக்கு, போனார்கள். ஹால்டிஸ் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், காலி செய்து பார்த்தாள், வயிற்றோடு அணைத்துப் பார்த்தாள். இப்போது அவன் கயிறு இழுக்கிறானா, திரும்புகிறானா, தம்பி என்று ஒருவன் கடல்மேல் இருக்கிறானா என்பதே தெரியவில்லை. மதியம் ஜன்னலுக்குப் போய் வந்து, மறுபடி போனாள். உயிரோடிருக்கும் இன்னொருவர் ஒலி இல்லாத வீடு எவ்வளவு பெரியது என்பது அவளுக்கு அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. பேசுவதை மட்டும் விடவில்லை. பதில் வராது என்று ஆன பிறகு பேச்சு இன்னும் தடையில்லாமல் வந்தது.

ஒருநாள் மீன் சமைக்கும்போது, "உப்பு தீந்துபோச்சு," என்றாள். மறுநாள் காலை வாசற்படியில் ஒரு பை உப்பு இருந்தது. தோராவுக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்தாள். சில நாள் கழித்து, "இந்த ஜன்னல் கொக்கி இல்லாம ராத்திரியெல்லாம் அடிச்சு என்னைக் கொல்லுது," என்றாள். படியில் செய்தித்தாளில் சுற்றி ஒரு பித்தளைக் கொக்கி. அது கடையில் கிடைக்கிற கொக்கி இல்லை. டெர்னாவின் அறைக் கதவில் இருந்ததை அவள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள்.

ஹால்டிஸ் கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஃப்ரீசருக்குள் அத்தனை நாள் கிடந்து அந்தச் சமையலறையைக் கேட்டுக்கொண்டிருந்த புஷ், இப்போது படகின் அடியில் இருந்துகொண்டு அதைச் சொல்கிறது. வேறு விதமாக யோசிக்க இடமில்லை. அவள் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். முட்டி. தோராவின் எடை. கொன்ராட்டிடம் பேசியது. தனக்குத்தானே பாடியது. முகம் சூடாகியது. அதன்பிறகு சமையலறையில் அவள் வாயைத் திறக்கவில்லை. கம்பளி உறை போட்ட காலால் நடந்தாள். கரண்டியைக்கூட துணியில் வைத்தாள்.

அந்த நாட்களில் ஓட்மார் டெர்னாவில் கூலியாளாகப் போயிருந்தான். காட் மீன் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த நேரத்தில், கயிறு தண்ணீரில் இருக்கும்போதே, ஐலெர்ட் எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தான், தளப்பலகையில் படுத்துக் காதை வைத்தான். "என்னடா, புஷ் சத்தம் போடுதா?" என்று ஓட்மார் கேட்டான். "இல்லை," என்றான் ஐலெர்ட். "அதுதான்." கரைக்கு வந்ததும் ஓட்மார் இதைத் தோராவிடம் சொன்னான். தோராவிடம் சொன்னது மாலைக்குள் ஹால்டிஸுக்கு வந்தது.

மறுநாள் முற்பகலில் ஹால்டிஸ் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். மேசைக்கு எதிரே, யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தாள். சத்தமாகப் பேசினாள், கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி.

"ஐலெர்ட். அந்தச் செப்புக் குழாயை வளைச்சுக் கொடுத்தது கொன்ராட்தான். எனக்குத் தெரியும். அடுப்புல காய்ச்சி, இதோ இந்த மேசை மேல வச்சுத்தான் வளைச்சான். உனக்கு யோசனை சொன்னதும் அவன்தான். நீ ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கலாம். ஊர்ல ஒருத்தர்கிட்டயாவது. சொல்லலையே நீ. நானும் சொல்லலை. உன் தலையில ஏத்திட்டு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்." அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவுதான்," என்றாள். "கிழங்கு வேகுது."

அன்றைக்கு டெர்னா எல்லோருக்கும் முன்னால், பாதி மீனோடு திரும்பியது. மற்றவர்கள் எஞ்சின் கோளாறு என்று நினைத்தார்கள். கதவு தட்டப்படவில்லை, திறந்தது. ஐலெர்ட் மழைச்சட்டையோடு, செதில் ஒட்டிய கையோடு, வாசலில் நின்றான். தொப்பியைச் சுருட்டினான், பிரித்தான்.

"கொஞ்சம் மெதுவா பேசு, அக்கா," என்றான். "ஓட்மார் கூட இருந்தான். அவனுக்கும் கேட்டுது."

"அப்ப தோராவுக்கும் கேட்டாச்சு. உட்காரு. கிழங்கு குழைஞ்சுபோச்சு."

"தெரியும். குழையுறப்பவே கேட்டுது."

அவன் சாப்பிட்டான். மீன், ஈரல், குழைந்த கிழங்கு. அவள் அவன் தட்டில் இன்னும் வைத்தாள். கொன்ராட்டைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ அதற்குமேல் பேச்சு வரவில்லை. பொழுது இறங்குமுன் அவன் எழுந்து போனான், கயிறுகள் கடலில் கிடந்தன. அதற்குப் பிறகும் அவன் தன் வீட்டில்தான் இருந்தான், அவள் தன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூடத்தில் இருவரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள்.

அந்த வருடம் உலர்மீனுக்கு நல்ல விலை கிடைத்தது. அடுத்த வருடம் கிடைக்கவில்லை. புஷ்ஷில் தேய்மானம் இல்லை என்று ஓட்மார் ஒவ்வொரு வசந்தத்திலும் பார்த்துச் சொன்னான். பனியும் காற்றும் கடலை மூடி, கலங்கரை விளக்கு தெரியாமல் போகிற நாட்களில், ஐலெர்ட் திசைகாட்டியைப் பார்ப்பதில்லை. படகை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புவான். எந்தப் பக்கம் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டுவான், மற்ற படகுகள் அவன் பின்னால் வரும். அப்படிப்பட்ட நாட்களில் ஹால்டிஸ் காலையிலிருந்தே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் உரிக்கிற கிழங்கின் தோலைப் பற்றி, சுவரில் நகர்கிற வெளிச்சத்தைப் பற்றி, தொண்டை வறண்டால் காபி குடித்துவிட்டு மறுபடி. கெட்டில் அடுப்பில் சும்மா இருக்கும். அவளுக்கு எதுவும் கேட்காது. அவள் பேசிக்கொண்டிருப்பாள்.